இரட்டைச் சிறகுப் போர் விமானங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தின் துணையோடு மலையேறும் சிறிய ரயில் குன்னூரை அடைந்து, சற்றே இளைப்பாறி, மீண்டும் உதகையை நோக்கிப் புறப்படுகிறது. தேயிலைச் சரிவுகளையும் யூகலிப்டஸ் தோப்புகளையும் கடந்து செல்லும் அவ்வழியில் வெலிங்டன், அருவங்காடு என்னும் இரண்டு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று போர்க்கலை கற்பிக்கும் ஊர். மற்றொன்று போருக்கு வேண்டிய வெடிமருந்தைச் செய்யும் ஊர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1903, 1904-ஆம் ஆண்டுகளில், அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கு வேண்டிய மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. கார்டைட் என்பது கயிறு போலத் திரிக்கப்பட்ட, புகை மிகக் குறைந்த வெடிமருந்து. துப்பாக்கித் தோட்டாவின் வயிற்றில் இருந்து குண்டை உந்தித் தள்ளுவது அதுவே. மிகுந்த வெப்பத்தில் கெட்டுப்போகும் இயல்புடையதாகையால் மலைநாட்டின் குளிர்ச்சி அதற்கு ஏற்றது.

அருவங்காட்டில் செய்யப்பட்ட மருந்து .303 அளவுள்ள தோட்டாக்களுக்கு உரியது. அந்தத் தோட்டா காலாட்படை வீரனின் துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் போர் விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த விக்கர்ஸ், லூயிஸ் என்னும் இயந்திரத் துப்பாக்கிகளும் அதே அளவுள்ள தோட்டாவையே சுட்டன. அந்த விமானங்களை எதிர்த்து நின்றவை ஜெர்மானியரின் இரட்டைச் சிறகுப் போர் விமானங்கள். அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு வானத்தை ஆண்டன, ஏன் வீழ்ந்தன என்னும் வரலாற்றை இங்கே காண்போம். அந்நிய தேசத்தின் கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. நம் நாட்டு இளைஞர் நால்வரும், நம் நாட்டுப் புன்செய்களில் விளையும் ஒரு வித்தும் இக்கதையில் இடம் பெறுகின்றன.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் மூண்டபோது, ஆகாய விமானத்திற்கு வயது பதினொன்றுகூட நிரம்பவில்லை. அமெரிக்க நாட்டின் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903-ஆம் ஆண்டு டிசம்பரில். நம் சென்னையிலும் 1910-ஆம் ஆண்டில், டி ஆஞ்செலிஸ் என்னும் ஓட்டல் உரிமையாளர் தாமே செய்வித்த இரட்டைச் சிறகு விமானத்தில் பறந்து காட்டினார். மக்கள் அதை ஒரு வேடிக்கையாகவே கண்டனர். போர்த் தளபதிகளுள் பலருக்கும் அது வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. போரின் முதல் மாதங்களில் விமானங்கள் ஆயுதமின்றியே பறந்தன. எதிரியின் படை எங்கே இருக்கிறது, எத்திசையில் நகர்கிறது என்று மேலிருந்து பார்த்து வந்து சொல்வதே அவற்றின் வேலை. அக்காலத்தில் போரின் அச்சம் நம் மாகாணத்தைத் தீண்டியது கடல் வழியாகத்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததை நம் மக்கள் மறக்கவேயில்லை. இன்றும் கண்டிப்பான ஆளைக் கண்டால் ‘எம்டன்’ என்கிறோம்.

பார்த்து வந்து சொல்லும் சாதாரண வேலைதானே என்று எண்ணலாகாது. 1915 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சில் நூவ் ஷாப்பேல் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய தாக்குதலில், படையின் பாதிப் பகுதி இந்திய வீரர்களே. அந்தத் தாக்குதலுக்கு முன்னர் விமானங்கள் மேலே பறந்து ஜெர்மானியரின் பதுங்குகுழிகளை நிழற்படம் எடுத்தன. அப்படங்களைக் கொண்டு தேசப்படம் வரையப்பட்டு, அதன்படி பீரங்கிகள் குறிவைத்தன. வானத்தில் ஒரு கண் இருந்தால் தரையிலுள்ள ஆயிரம் பீரங்கிகளுக்கும் பார்வை வந்துவிடுகிறது என்பதை இரு தரப்பினரும் உணர்ந்தனர். அங்ஙனமாயின், எதிரியின் கண்ணைக் குத்துவது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பன்றோ? அந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததே போர் விமானம்.

விமானத்தில் துப்பாக்கியை வைப்பது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு பெரிய இடர்ப்பாடு இருந்தது. விமானி விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்பிச் சுட வேண்டுமானால், துப்பாக்கி அவன் கண்ணுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அங்கேயோ விமானத்தை இழுத்துச் செல்லும் விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. சுட்டால் குண்டு விசிறியின் இதழையே உடைத்துவிடும். பிரெஞ்சு விமானி ரோலான் காரோ என்பவர் விசிறி இதழ்களில் எஃகுத் தகடுகளைப் பொருத்தி, அவற்றின் மேல் படும் குண்டுகள் சிதறிப்போகுமாறு செய்தார். 1915 ஏப்ரலில் அவர் ஜெர்மானியரின் பகுதியில் இறங்க நேர்ந்தது, விமானமும் சிறைப்பட்டது. அதனை ஆராயும் பணி ஆன்டனி ஃபாக்கர் என்னும் இளைஞரிடம் வந்து சேர்ந்தது.

இந்த ஃபாக்கரின் பிறப்பிடம் நீலகிரி வாசிகளுக்கு வியப்பளிக்கக்கூடும். அவர் ஜெர்மானியர் அல்லர், டச்சுக்காரர். 1890-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில், பிளிட்டார் என்னும் ஊரில், ஒரு காப்பித் தோட்ட முதலாளியின் மகனாகப் பிறந்தவர். நம் மலைச்சரிவுகளைப் போன்ற ஒரு தோட்டத்தில் பிறந்த அந்தப் பிள்ளை, சிறு வயதிலேயே ஹாலந்துக்குச் சென்று, பின்னர் ஜெர்மனியில் விமானத் தொழில் தொடங்கினார். அவருடைய தொழிற்கூடத்தார் விசிறியையும் துப்பாக்கியையும் இணைத்து ஒரு பொறியை அமைத்தனர். நம் வீடுகளில் ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிர் நின்று நெல் குத்துவதைக் கண்டிருக்கிறோம். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை மேலே இருக்கும். எவ்வளவு விரைவாகக் குத்தினாலும் உலக்கைகள் மோதுவதில்லை. அதே போல, விசிறியின் இதழ் துப்பாக்கி முனைக்கு எதிரே வராத கணத்தில் மட்டும் குண்டு பாயுமாறு இயந்திரத்தின் சுழற்சியே துப்பாக்கியை இயக்கியது. இந்தப் பொறியோடு 1915-ஆம் ஆண்டின் இடையில் வெளிவந்த ஃபாக்கரின் ஒற்றைச் சிறகு விமானங்கள் தொகையில் மிகச் சிலவே. எனினும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பல மாதங்கள் அவற்றைக் கண்டு அஞ்சினர்.

ஆயினும் ஒற்றைச் சிறகின் ஆட்சி நீடிக்கவில்லை. அக்காலத்துச் சிறகு மெல்லியது. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. அது தனித்து நின்றால் வளையும். வளையாதிருக்கக் கம்பிகளால் இழுத்துக் கட்ட வேண்டும். மேலும் வலிமையான இயந்திரத்தைச் சுமக்க அதனால் இயலவில்லை. ஒரு மூங்கிலை இரு முனைகளில் தாங்கி நடுவில் மிதித்தால் வளைகிறது. இரண்டு மூங்கில்களைக் குறுக்குச் சட்டங்களால் ஏணியாகப் பிணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமாறு நிறுத்திப் பாருங்கள், எளிதில் வளைவதில்லை. மேலும் கீழுமாக இரண்டு சிறகுகள், இடையே கால்கள், குறுக்கே கம்பிகள் என்று அமைந்த இரட்டைச் சிறகு விமானத்தின் உறுதி இத்தகையது. சிறகுகள் இரண்டாகப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றும் குட்டையாக இருக்கலாம். குட்டையான சிறகு விரைவில் புரளும், திரும்பும். ஜெர்மானியர் தம் விமானங்களுக்குச் சூட்டிய எழுத்திலேயே இந்த வேறுபாடு தெரிந்தது. ஒற்றைச் சிறகுடைய போர் விமானத்திற்கு ‘இ’, இரட்டைச் சிறகுடையதற்கு ‘டி’, மூன்று சிறகுடையதற்கு ‘டிஆர்’. அவர்கள் மொழியில் அவ்வடிவங்களைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை.

1916-ஆம் ஆண்டில் ஹால்பர்ஷ்டாட் டி.2, ஃபாக்கர் டி.1, டி.2 முதலிய முதல் இரட்டைச் சிறகுப் போர் விமானங்கள் களத்திற்கு வந்தன. அவை வழி காட்டின. வெற்றி காட்டியது அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வந்த அல்பட்ராஸ். அல்பட்ராஸ் டி.1, டி.2 விமானங்களின் உடல், மெல்லிய ஒட்டுப் பலகையை வளைத்துப் பொருத்திச் செய்யப்பட்டது. முட்டையின் ஓடு தானே பாரத்தைத் தாங்குவது போல அதன் மேற்பலகையே வலிமையைத் தாங்கியது. நீரால் குளிர்விக்கப்பட்ட 160 குதிரைத் திறனுள்ள மெர்சிடிஸ் இயந்திரம் அதை இழுத்தது. அதுவரை ஒரு துப்பாக்கியோடு பறந்த விமானங்களுக்கு எதிரே அல்பட்ராஸ் இரண்டு துப்பாக்கிகளோடு நின்றது.

விமானம் சிறந்ததாயினும் அதனைச் செலுத்துவோன் சிறந்தவனாக இல்லையேல் பயனில்லை. இங்கேதான் ஆஸ்வால்டு போல்கே என்னும் மனிதர் வரலாற்றில் வருகிறார். போல்கே தலைசிறந்த விமானி. அதனினும் சிறந்த ஆசிரியர். தனித்தனியே பறந்து தம் வீரத்தைக் காட்டிய விமானிகளை ஒன்று திரட்டி ஒரு குழுவாகப் பழக்கினார். அவர் வகுத்த விதிகள் எட்டு. உயரத்தை முதலில் கைப்பற்று, சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொள், நெருங்கிய பின்னரே சுடு, தொடங்கிய தாக்குதலைப் பாதியில் விடாதே, பின்புறமிருந்து தாக்கு, எதிரி மேலிருந்து பாய்ந்தால் ஓடாமல் அவனை நோக்கித் திரும்பு, எதிரியின் நிலத்தின் மேல் பறக்கையில் மீளும் வழியை மறவாதே, கூடியே தாக்கு என்பன அவற்றின் சாரம். 1916 செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் தம் மாணாக்கரைப் புதிய அல்பட்ராஸ் விமானங்களில் அழைத்துச் சென்று முதல் பாடத்தைக் களத்திலேயே நடத்தினார். ஆனால் அக்டோபர் 28-ஆம் நாள், தம் நெருங்கிய தோழர் ஒருவரின் விமானச் சக்கரம் தம் மேற்சிறகில் உராய, போல்கே விழுந்து மாண்டார். அப்பொழுது அவர் பெற்றிருந்த வெற்றிகள் 40, வயது 25. எதிரியின் குண்டுக்குத் தப்பிய ஆசிரியர் தோழனின் சக்கரத்தால் மாண்டது போரின் விந்தைகளுள் ஒன்று.

அவருடைய மாணவர்களுள் ஒருவரே மன்பிரெட் ஃபான் ரிக்டோஃபன். செந்நிற விமானத்தில் பறந்து 80 வெற்றிகள் பெற்று, ‘செம்பிரபு’ என்று பெயர் பெற்றவர். 1917-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அல்பட்ராஸ் டி.3 வந்தது. பிரெஞ்சுக்காரரின் நியூபோர் விமானத்தைப் பின்பற்றி, அதன் கீழ்ச்சிறகு குறுகலாகவும் ஒரே உத்திரத்தால் தாங்கப்பட்டதாகவும் அமைந்தது. கீழ்நோக்கிப் பார்க்க அது வசதியாயிற்று. ஆனால் வேகமாகப் பாயும்போது அந்தக் கீழ்ச்சிறகு முறுக்கிக்கொண்டு பிளந்தது. ஜனவரி மாதத்தில் ரிக்டோஃபனின் விமானத்திலேயே சிறகு விரிசல் கண்டது. பிறர் கண்டுபிடிப்பின் நன்மையை ஏற்றுக்கொள்பவன் அதன் குறையையும் சேர்த்தே ஏற்கிறான் என்பது இதனால் விளங்கும். இக்குறையோடும் அது ஆங்கிலேயரைத் திணறச் செய்தது. 1917 ஏப்ரலில் ஆர்ராஸ் போரின்போது ஆங்கிலேயர் இழந்த விமானங்கள் 245. ஜெர்மானியர் இழந்தவை ஏறத்தாழ 66. ‘இரத்த ஏப்ரல்’ என்று அம்மாதம் பெயர் பெற்றது.

அந்த இழப்பின் காரணத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயரிடம் விமானங்கள் அதிகம், ஜெர்மானியரிடம் குறைவு. ஆனால் ஆங்கிலேயரின் விமானங்களுள் பல, படம் எடுப்பதற்கென்று செய்யப்பட்ட, மெதுவாகச் செல்லும் பழைய இரட்டையர் விமானங்கள். அவற்றைச் செலுத்தியோர் போதிய பயிற்சியின்றி, சில மணி நேரமே பறந்து பழகிய பின் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள். பயிற்சியைச் சுருக்கி மிச்சப்படுத்திய நாட்களுக்கு அவர்கள் உயிரால் விலை கொடுத்தனர். பிறகே ஆங்கிலேயர் விழித்துக்கொண்டனர். ஸ்மித்-பாரி என்பவர் காஸ்போர்ட்டில் விமானப் பயிற்சியை முற்றிலும் புதிய முறையில் வகுத்தார். எஸ்.இ.5, சாப்வித் கேமல் முதலிய புதிய விமானங்களும் அவ்வாண்டிலேயே வந்தன.

அந்தப் புதிய விமானங்களில் அமர்ந்து அல்பட்ராஸ்களை எதிர்த்தவர்களுள் நம் நாட்டவரும் இருந்தனர். இந்தியப் படைகளில் இந்தியருக்கு அரசரின் முழு அதிகாரப் பதவி மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1917 ஆகஸ்டில்தான் முதன்முதலாகச் சிலருக்கு அது வழங்கப்பட்டது. இராவல்பிண்டியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஹர்தித் சிங் மாலிக், விமானப்படையில் சேர விரும்பியபோது இடம் கிடைக்கவில்லை. அவர் பிரெஞ்சுச் செஞ்சிலுவை வண்டியை ஓட்டிப் பணிபுரிந்தார். பின்னர் அவருடைய ஆசிரியர் பரிந்து எழுதியதன் மேல் 1917-இல் ஆங்கில விமானப்படை அவரை ஏற்றுக்கொண்டது. தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன் மேல் அணியத்தக்க பெரிய தலைக்கவசம் செய்வித்துக்கொண்டு பறந்தார் அவர். 1917 அக்டோபர் 26-ஆம் நாள் அவருடைய கேமல் விமானத்தை ஜெர்மானியப் போர் விமானங்கள் சூழ்ந்தன. காலில் குண்டு பாய்ந்தும் அவர் உயிர் தப்பித் தம் பகுதியில் வந்து விழுந்தார். சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சில் பணிபுரிந்து, 1985-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவருக்குச் சற்று முன்னர், 1917 செப்டம்பரில், எரல் சுந்தர் சென் என்னும் வங்காள இளைஞர் தம் கேமல் விமானத்தோடு சிறைப்பட்டார். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 1918 ஜூன் மாத இறுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரின் கையில் காயங்களால் மாண்டார். நால்வருள் எஞ்சிய ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவரை வீழ்த்திய விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1917-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியரின் விமானங்கள் தேக்கமுற்றன. அல்பட்ராஸ் டி.5 என்னும் புதிய வகை, பழையதைவிடப் பெரிதும் சிறந்ததாக இல்லை. கீழ்ச்சிறகின் குறையும் தொடர்ந்தது. வென்றவர் தம் வெற்றியின் நிழலில் அயர்ந்தனர். தோற்றவர் விழித்திருந்து உழைத்தனர். ஃபாக்கரின் மூன்று சிறகு விமானம் சில காலம் புகழ் பெற்றதேனும் அது மெதுவானது. எனவே 1918 ஜனவரியில் பெர்லின் அருகே ஆட்லர்ஸ்ஹோஃப் என்னுமிடத்தில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. தொழிற்சாலைகள் தத்தம் புதிய விமானங்களைக் கொண்டுவந்தன. போர்முனை விமானிகளே அவற்றைப் பறந்து பார்த்துத் தீர்ப்புக் கூறினர். வெற்றி பெற்றது ஃபாக்கர் டி.7.

டி.7 விமானத்தின் உடல் எஃகுக் குழாய்களை உருக்கி இணைத்துச் செய்யப்பட்டது. அந்த வேலையில் கைதேர்ந்த ரைன்ஹோல்டு பிளாட்ஸ் என்பவர் அதன் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்டவர். சிறகு முன்னையவற்றைப் போல மெலிந்ததன்று, தடித்தது. உள்ளேயிருந்த உத்திரங்களே அதனைத் தாங்கியமையால் வெளியே கம்பிகள் பின்னிக் கிடக்கவில்லை. மேல்நோக்கிச் செங்குத்தாக எழும்போதும் அது சட்டென்று தடுமாறி விழாது. விசிறியைப் பிடித்துத் தொங்குவது போல் நின்று சுடும். உயர்ந்த வானிலும் வலிமை குன்றாத 185 குதிரைத் திறனுள்ள பி.எம்.டபிள்யூ இயந்திரம் பின்னர் அதில் பொருத்தப்பட்டது. அதனைச் செய்துதரும்படி போட்டியாளரான அல்பட்ராஸ் தொழிற்சாலைக்கே ஆணையிடப்பட்டது. தன் எதிரியின் விமானத்தைத் தானே செய்து, அதற்கு உரிமைத் தொகையும் செலுத்த வேண்டிய நிலை அதற்கு வந்தது.

1918-இன் வேனிற்காலத்தில் களத்திற்கு வந்த டி.7 விமானங்களோடு மோதியவர்தாம் இந்திரலால் ராய். 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்து, இலண்டனில் பள்ளியில் படித்து, பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்தவர். 1917 நவம்பரில் நேர்ந்த ஒரு விபத்தில் பலத்த காயமுற்றார். தேறியபின் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டு வாரங்களுக்குள், பத்து வெற்றிகள் பெற்றார். ஜூலை 22-ஆம் நாள் கார்வேன் என்னும் ஊரின் மேலே, டி.7 விமானங்களோடு பொருதுகையில் அவருடைய எஸ்.இ.5 தீப்பற்றி விழுந்தது. வயது 19. அக்காலத்தில் ஜெர்மானிய விமானிகளுக்குப் பாரசூட் வழங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலப் போர் விமானிகளுக்கு அது வழங்கப்படவில்லை. உயர்ந்த விமானப் பதக்கமொன்று அவர் மறைந்தபின் அவருக்கு அளிக்கப்பட்டது. பிரான்சில் எஸ்தவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் மேல் வங்காள எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1998-ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

இத்துணைச் சிறந்த விமானத்தைப் பெற்றும் ஜெர்மனி ஏன் தோற்றது? மாணவ நேயர்களே, இக்கேள்விக்கு விடை தேடினால் நாம் போர்முனையை விட்டு வெகுதூரம், நம் ஊர்ப் புன்செய் வரையில் வர நேரிடும். அக்காலத்துப் போர் விமானங்களின் இயந்திரங்கள் இருவகை. ஒன்று, நீரால் குளிர்விக்கப்பட்டு அசையாது நிற்பது. மற்றொன்று, விசிறியோடு சேர்ந்து இயந்திரத்தின் உருளைகளும் சுழல்வது. சுழலும் இயந்திரம் எடை குறைந்தது; கேமல் விமானம் பம்பரம் போலத் திரும்பியது அதனால்தான். ஆனால் அதற்கு உராய்வு நீக்கும் எண்ணெய் தனிப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த எண்ணெய் பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்திலே வேலை செய்கிறது. மண்ணெண்ணெய் வகைகள் பெட்ரோலில் கரைந்து பயனற்றுப் போகும். கரையாத எண்ணெய் ஒன்று உண்டு. அது நம் பாட்டிமார் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்குப் புகட்டும் விளக்கெண்ணெய்!

ஒருமுறை உட்சென்ற எண்ணெய் திரும்புவதில்லை. புகையோடு வெளியேறி விமானியின் முகத்திலும் மேலங்கியிலும் படிந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு பறப்புக்கும் புதிய எண்ணெய் வேண்டும். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு ஆமணக்கு முத்தை மிகுதியாக அளித்த நாடு இந்தியாவே. இந்தியாவில் அதனை மிகுதியாக விளைவித்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஹைதராபாத்தும் முதன்மையானவை. நீலகிரியின் அடிவாரத்திற்குக் கிழக்கே கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில், பிற பயிர்களோடு ஊடுபயிராக நின்ற எளிய செடி அது. ஆங்கிலக் கடற்படை கடல் வழிகளை அடைத்ததும் ஜெர்மனிக்கு அந்த எண்ணெய் எட்டாக் கனியாயிற்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது போல, அவர்கள் செயற்கை எண்ணெய் ஒன்றைச் செய்து ஊற்றினர். கோடைக்காலத்தில் அந்த எண்ணெயால் இயந்திரங்கள் சூடேறி நின்றன. மூன்று சிறகு ஃபாக்கரும், சுழலும் இயந்திரம் கொண்ட பிற விமானங்களும் இதனால் பயன் குன்றின. நீரால் குளிரும் இயந்திரமுடைய டி.7 விமானத்தையே ஜெர்மனி பெரிதும் நம்ப வேண்டியிருந்தமைக்கு இது ஒரு காரணம். அமெரிக்கா போரில் இறங்கியதும் அந்நாட்டு அரசாங்கம் ஆசியாவிலிருந்து ஆமணக்கு விதையைத் தருவித்து, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பயிரிட ஏற்பாடு செய்தது என்றால், அந்த எண்ணெயின் அருமை விளங்கும்.

எண்ணெய் மட்டுமா? ரப்பர் இல்லை, செம்பு அருகியது, 1918-இன் பிற்பகுதியில் பெட்ரோல் அளந்து தரப்பட்டது. சிறந்த விமானம் தரையில் நிற்க, எரிபொருளுக்குக் காத்திருந்தான் விமானி. எதிர்ப்புறத்திலோ ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர் ஆகிய மூவரின் தொழிற்சாலைகளும் ஒன்றுக்குப் பத்தாக விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தன. திறமையால் ஒரு நாள் வெல்லலாம். ஒவ்வொரு நாளும் வெல்வதற்கு விளைநிலமும் சுரங்கமும் கடல்வழியும் வேண்டும்.

மேற்கு முனையைப் போலவே பாலஸ்தீனத்திலும் ஜெர்மானியரின் இரட்டைச் சிறகு விமானங்கள் பறந்தன. துருக்கியருக்குத் துணையாக அங்கே அனுப்பப்பட்ட அல்பட்ராஸ் டி.3 விமானங்களில், பாலைவன வெப்பத்தைத் தாங்க நீர் குளிர்விக்கும் கருவிகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. அந்த வானத்தின் கீழே நின்றவர்களுள் நீலகிரிக்கு வடக்கே அடுத்துள்ள மைசூர் நாட்டின் குதிரைப்படையும் ஒன்று. 1918 செப்டம்பர் 19-ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஆலன்பியின் பெருந்தாக்குதல் தொடங்கியது. ஜெனின் நகரிலிருந்த ஜெர்மானிய விமானத் தளத்தின் மேல் ஆங்கில விமானங்கள் மாறி மாறிக் காவல் சுற்றி, ஒரு விமானத்தையும் எழவிடாமல் செய்தன. துருக்கியரின் தலைமைக்குத் தம் படைகள் எங்கே உடைகின்றன என்பதே தெரியவில்லை. இரண்டு நாட்களுக்குப் பின், மலைக்கணவாய் ஒன்றில் நெருங்கிப் பின்வாங்கிய துருக்கியப் படை வானிலிருந்தே சிதறடிக்கப்பட்டது. செப்டம்பர் 23-ஆம் நாள் மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகள் ஹைஃபா நகரைக் கைப்பற்றின. அந்தக் குதிரைவீரர்களின் துணிவு போற்றத்தக்கது. எதிரி முன்னரே குருடாக்கப்பட்டிருந்தான் என்பதும் அவ்வெற்றியின் ஒரு பகுதி.

1918 நவம்பர் 11-ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய 1,700 விமானங்களைக் குறிப்பிடும் பகுதியில், முதலாவதாக டி.7 விமானங்கள் அனைத்தையும் தருக என்று வென்றவர்கள் எழுதினர். எதிரியின் கைவண்ணத்திற்குக் கிடைத்த நற்சான்றிதழ்களுள் இதனினும் பெரிது ஒன்று இருக்க முடியாது. ஃபாக்கரோ பல விமானங்களையும் இயந்திரங்களையும் ரயில் வண்டிகளில் ஏற்றி இரகசியமாக ஹாலந்துக்குக் கொண்டுசென்று, அங்கே தம் தொழிலைத் தொடர்ந்தார். 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்வதையே தடுத்தது. விமானங்களை அழிக்க முடிந்தது. செய்யும் அறிவை அழிக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் உலகம் அதன் விளைவைக் கண்டது.

இந்தியாவுக்கென ஒரு விமானப்படை 1932 அக்டோபர் 8-ஆம் நாள் நிறுவப்பட்டது. ராய், மாலிக் போன்றோர் காட்டிய திறமை, இந்தியர் விமானம் செலுத்த வல்லரல்லர் என்ற வாதத்தை முன்னரே பொய்யாக்கியிருந்தது. 1954-இல் அப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி, இந்திரலால் ராயின் உறவினர். நாடு பிரிவினையுற்றபோது க்வெட்டாவில் இருந்த படைத்தலைவர் கல்லூரி பாகிஸ்தான் பகுதியில் நின்றுவிட, இந்தியா தன் கல்லூரியை வெலிங்டனில் அமைத்தது. 1948-ஆம் ஆண்டு முதல் அங்கே பாடம் நடக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்னும் மூன்றின் அதிகாரிகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து பயில்கின்றனர். போல்கே தம் மாணவர்க்குக் கற்பித்த ‘கூடியே தாக்கு’ என்னும் விதி ஒரு சிறு விமானக் குழுவுக்குச் சொல்லப்பட்டது. இங்கே அது மூன்று படைகளுக்கும் பொருந்தும் பாடமாக விரிந்திருக்கிறது.

வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் வீரர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற வெற்றிகளின் எண்ணையும் மனத்தில் கொள்கின்றனர். அவை வேண்டியவையே. எனினும் இந்த இரட்டைச் சிறகு விமானங்களின் கதையில் பெயர் எழுதப்படாதவர்கள் எத்தனை பேர்! காட்டேரி நீரின் மின்சாரத்தில் வெடிமருந்து திரித்த அருவங்காட்டுத் தொழிலாளி, தம் முத்து எங்கே போகிறது என்றறியாது ஆமணக்கைக் காயவைத்த சேலத்து உழவர், ஒட்டுப் பலகையை வளைத்த ஜெர்மானியத் தச்சர், எஃகுக் குழாய் இணைத்த கொல்லர் ஆகியோரின் கைகளும் அந்த வானத்தில் மோதின. தாம் விரும்பாத ஒரு போரில், தம்மைக் கேளாமலே நம் மக்கள் ஈடுபடுத்தப்பட்டனர். ஆண்டவர் அந்நியர், உழைத்தவரும் மடிந்தவரும் நம்மவர். அடிமை நாட்டின் விளைபொருளும் இளைஞரின் உயிரும் பிறர் கணக்கில் எழுதப்பட்டன என்பதே இக்கதையின் கசப்பான பகுதி.

இன்று நம் இளைஞர் நம் கொடியின் கீழே பறக்கின்றனர். எந்தப் போரில் இறங்குவது, எதில் இறங்காதிருப்பது என்று முடிவு செய்யும் உரிமை நம்மிடமே இருக்கிறது. அந்த உரிமை பெரிது. அதனைச் செம்மையாகப் பயன்படுத்துவதற்கு வீரத்தோடு அறிவும், அறிவோடு நிதானமும் வேண்டும். அல்பட்ராஸின் கீழ்ச்சிறகு ஏன் பிளந்தது, ஏப்ரல் மாதத்து இளைஞர்கள் ஏன் மாண்டனர், சிறந்த டி.7 ஏன் எரிபொருளுக்குக் காத்து நின்றது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த மாணவன், போரைப் பற்றி மட்டுமன்று, ஒரு நாடு எவற்றால் வாழ்கிறது என்பதைப் பற்றியும் கற்றவனாவான்.